தகர வட்டங்கள்

கார்த்திகை பிறந்து ஆறாம் நாள்
பதினொரு பேர் தோள்கொடுத்து
போட்டைக் கரையேற்றினோம்.
சல்லிக் கடல் அன்றைக்கே
நிறம் மாறிவிட்டிருந்தது,
கழுவாத அலுமினியச் சட்டிபோல.

இனித் தை முடியுமட்டும் அது
கிடுகுக் கொட்டிலுக்குள்,
நாலு ரயருக்கு மேலே
வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும்.

கடலை எனக்குத் தெரியும்.
எலியைத்தான் தெரியாது.

போன மாரியில்
பெற்றோல் பைப்பைக் கடித்தது.
ஐந்து பீஸ் வலையில்
ஆள் நுழையும் ஓட்டைகள்.
லீசிங் கந்தோர்ப் பெடியனிடம்
எலி என்று சொல்ல வெட்கமாயிருந்தது.
திருக்கை என்றேன்.
"எவ்வளவு பெரிசு அண்ணை?"
இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.

இந்த முறை முந்திக்கொண்டேன்.
நல்ல தண்ணியில் மூன்று தரம் கழுவினேன்.
ஒரு செதில் கிடந்தாலும்
அது எலிக்கு அழைப்பிதழ் என்றார்
ஜமாலியாவில் எஞ்சின் பார்க்கிற லாபிர் நானா.
எத்தனையோ எஞ்சினின் வயிற்றுக்குள்
எலிமயிர் கண்டு பழகிய மனுசன்.

எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குள் வைத்தேன்.
கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவில்
நிமிர்ந்து நிற்கிறது,
சம்பந்தம் பேச வந்து
தேத்தண்ணி கிடைக்காதவர் மாதிரி.
காந்திமலர் அதன் தலையில்
ஈரத்துவாய் காயப்போடுகிறாள்.

வலையை முகட்டில் தூக்கிக் கட்டினேன்.
கயிறு என்றால் எலிக்குப் பாதை.
அப்போதுதான் ஞாபகம் வந்தது,
சீனக்குடாவில் கூலிக்குப் போன ஆறு மாதம்.
கோதுமைக் கப்பல்களின் வடத்தில்
வட்டத் தகடுகள் மாட்டியிருப்பார்கள்.
கரையின் எலி கப்பலுக்கும்
கப்பலின் எலி கரைக்கும்
விசா இல்லாமல் போகக்கூடாதாம்.

பால்மா ரின்களின் அடியை வெட்டினேன்.
நடுவில் ஓட்டை, ஓட்டைக்குள் கயிறு.
பதினான்கு வட்டம். ஒரு விரலில் வெட்டு.
வாடைக்கு அவை கிலுகிலுக்க,
"ஆரப்பா இந்த நேரத்தில் பூசை?"
என்று எழும்பியிருந்தாள் சின்னவள்.

நஞ்சு வைக்கவில்லை.
பலகைக்கடியில் செத்தால்
மாசி வரைக்கும் மணக்கும்.
ரயர்களைச் சுற்றிச் சாம்பல் தூவினேன்,
தடம் பார்க்க.
காலையில் பேப்பர் வாசிக்கிறவன்போல
குந்தியிருந்து வாசித்தேன்.
முதல் நாள் நண்டு.
பிறகு இரண்டு நாள் மழை அழித்த பக்கம்.
ஒரு நாள் பூனை வந்து,
வெகுநேரம் இருந்து,
எதையோ யோசித்துப் போயிருந்தது.
எலி இல்லை.
எனக்குள் சின்னதாய் ஒரு கர்வம்.
லாபிர் நானாவுக்குப் போன் எடுத்தும் சொன்னேன்.

மார்கழி நடுவில் அடைமழை.
கொட்டிலின் வடக்குப்பக்கம் பிய்ந்தது.
தண்ணி இறைக்க ஏறியவன்
அணியத்துப் பெட்டியின் மூடியைத் தூக்கினேன்.

இருந்தது.

தகட்டைத் தாண்டவில்லை.
சாம்பலை மிதிக்கவில்லை.
கரையேற்றின அன்றைக்கே
உள்ளே இருந்திருக்கிறது.
பதினொரு பேரும் "ஏலேலோ" போட்டு
அதையும்தான் தூக்கி வந்திருக்கிறோம்.

மறந்துபோன பிஸ்கற் பை, சுத்தமாய்க் காலி.
றெஜிபோம் துகள்,
உயிர்காப்பு அங்கியின் செம்மஞ்சள் நூல்,
பொலித்தீனில் பத்திரமாய்ச் சுற்றிவைத்த
லீசிங் கட்டின துண்டுகள் எல்லாம்
பஞ்சாய்க் கிழிந்து ஒரு மெத்தை.
மெத்தையில் ஆறு குஞ்சு,
உரித்த றால்போல,
கண் திறக்காமல்.

தாய் ஓடவில்லை.
நான் கட்டின தவணைகளின் மேல் படுத்தபடி
என்னைப் பார்த்தது.
கையில் வாளி இருந்தது.
வாளி நிறையத் தண்ணியும் இருந்தது.

மூடியை மூடினேன்.
திரும்பத் திறந்து,
ஒரு விரல் இடைவெளி விட்டு மூடினேன்.

இறங்கிப் பார்த்தால்
ஈரச் சாம்பலில்
என் காலடி மட்டும்.

"ஏதும் கிடந்ததோ?" என்றாள் காந்திமலர்.
தண்ணிதான் என்றேன்.
இரண்டு வாளி.